சேமித்த மின்சாரத்துக்கு ஓர் அலகு



1973 நவம்பர். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்திவிட, அமெரிக்கா தத்தளித்துக்கொண்டிருந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்குக் கிளம்பிய இயற்பியல் பேராசிரியர் ஆர்தர் ரோசன்ஃபெல்ட் மனக்கணக்குப் போட்டார். தம் மாடியிலுள்ள 20 அறைகளிலும் திங்கள் காலை வரை விளக்கெரிந்தால், அதற்குச் சுமார் 100 காலன் எரிபொருள் போய்விடும்! அணைத்துவிடலாம் என்று போனால் சுவிட்சுகளைக் காணோம். கோப்பு அலமாரிக்குப் பின்னால் ஒன்று, புத்தக அடுக்குக்குப் பின்னால் ஒன்று, சுவரொட்டிக்கு அடியில் இன்னொன்று. தேடி அணைக்க 20 நிமிடம் ஆயிற்று.

அப்போது அவருக்கு வயது 47. என்ரிக்கோ ஃபெர்மியிடம் முனைவர் பட்டம் பெற்றவர். நோபல் பரிசு பெற்ற லூயிஸ் அல்வாரெஸின் குழுவில் துகள் இயற்பியலில் பேரெடுத்தவர். அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, குழல் விளக்கு, ஜன்னல் கண்ணாடி, வீட்டுக்கூரை என்று ஆராய இறங்கினார். இதற்குப் பெரிய துணிச்சல் வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1970-களின் நடுவில் ஓர் அமெரிக்க வீட்டுப் பெட்டி ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் மின்சாரம் குடித்தது. ரோசன்ஃபெல்டின் மாணவர் டேவிட் கோல்ட்ஸ்டீன் கடைகளில் விற்ற பெட்டிகளை ஒப்பிட்டார். விலைக்கும் மின்செலவுக்கும் சம்பந்தமே இல்லை! அதிக விலை கொடுத்தவருக்கும் மின்கட்டணம் குறையவில்லை. அந்தச் சமயம் சன்டெசர்ட் என்ற அணுமின் நிலையத்தைக் கட்டுவதா வேண்டாமா என்று மாநிலமே விவாதித்துக்கொண்டிருந்தது. பெட்டிகளுக்குத் தரவரம்பு விதித்தால் அந்த நிலையம் தரக்கூடிய மின்சாரத்தையே மிச்சப்படுத்தலாம் என்று ஆளுநர் ஜெர்ரி பிரவுனிடம் ரோசன்ஃபெல்ட் எடுத்துச் சொன்னார். மாநிலம் வரம்பு விதித்தது. 1987-இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. 2001-க்குள் புதிய பெட்டியின் மின்செலவு சுமார் 500 யூனிட்டாக இறங்கிவிட்டது. இத்தனைக்கும் பெட்டி பெரிதாகியிருந்தது, விலையும் குறைந்திருந்தது.

கலிஃபோர்னியாவில் தனிநபர் மின்நுகர்வு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது; நாட்டின் சராசரியோ ஏறிக்கொண்டே போனது. மிதமான தட்பவெப்பத்துக்கும் மின்கட்டண உயர்வுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் விதிகளின் பங்கைக் குறைத்து மதிப்பிட முடியாது.

1994 முதல் 1999 வரை ரோசன்ஃபெல்ட் வாஷிங்டனில் எரிசக்தித் துறையின் ஆலோசகராக இருந்தார். பிறகு 2000-இல், ஓய்வெடுக்க வேண்டிய வயதில், கலிஃபோர்னியா எரிசக்தி ஆணையத்தின் உறுப்பினரானார். பத்தாண்டு அங்கே இருந்தார். ஆய்வகத்தில் ஒரு கண்டுபிடிப்புக்குக் கைதட்டல் கிடைக்கும். ஆணையத்தில் ஒவ்வொரு விதிக்கும் விசாரணை, தொழில்துறையின் ஆட்சேபணை, மறுபடியும் விசாரணை. இந்தப் பொறுமைதான் அவருடைய பெரிய சாதனை என்று தோன்றுகிறது. தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கான மின்வரம்பு, உற்பத்தியாளர்களின் எதிர்ப்பையும் மீறி 2009 நவம்பரில் நிறைவேறியபோது அவருக்கு 83 வயது.

அடுத்த ஆண்டு, ஆண்டுக்கு 300 கோடி யூனிட் மின்சேமிப்பை இனி ஒரு 'ரோசன்ஃபெல்ட்' என்று அழைக்கலாம் என விஞ்ஞானிகள் முன்மொழிந்தார்கள். 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் ஒன்றை மூடிவிடப் போதுமான அளவு அது.