சோர்வறியாப் பந்து வீச்சாளன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கரக்பூர்த் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த நான்கு மாணவர்கள், பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டுச் செயல்திட்டமாக, கிரிக்கெட் பயிற்சிக்கெனப் பந்து வீசும் இயந்திரம் ஒன்றை அமைத்திருக்கிறார்கள். நாம் பொறியியல் கற்றோம் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு ரயில்வே அலுவலகக் கோப்புகளிடையே அமர்ந்துவிட்டோம். ஆயினும் அவர்கள் பொறுமையோடு விளக்கியதை எடுத்துரைப்பது நம் கடமை.

இரண்டு ரப்பர்ச் சக்கரங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, தனித்தனி மின்மோட்டாரினால் எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. அவற்றின் இடைவெளி பந்தின் குறுக்களவைவிடச் சற்றே குறைவு. ஆகவே உள்ளே விழும் பந்து இறுகப் பற்றப்பட்டு முன்னே எறியப்படுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால் பந்து சுழற்சியின்றிச் செல்லும். மேற்சக்கரம் விரைந்தால் பந்து முன்சுழன்று விரைவில் தாழும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம் பெற, 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,600 முறை சுழலவேண்டும். அப்பந்து மட்டையாளரை அடைய அரை நொடிக்குச் சற்றே மிகுதியான காலந்தான் ஆகும்.

எனவே பாதுகாப்பே தலையாயது. ஒவ்வொரு பந்துக்கும் முன்னர்ச் சிவப்பு விளக்கு எரிந்து மணி ஒலிக்கிறது. காப்புக் கதவு திறந்திருந்தால் சக்கரம் சுழலாது. பாயிண்டு சரியாக அமையாமல் வண்டிக்குச் சிக்னல் கிடைக்குமா? அதே முறைதான் இது.

"இயந்திரத்திடம் பழகினால் ஆட்டம் வந்துவிடுமா?" என்று பெரியோர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. நல்ல மட்டையாளர் பந்தை மட்டுமன்றி, வீசுபவரின் தோளையும் மணிக்கட்டையும் நோக்கியே முடிவு செய்கிறார். இரும்புக்குத் தோளுமில்லை, மணிக்கட்டுமில்லை. ஆதலால் மனிதர் வீசும் பந்தையும் ஆடியே தீரவேண்டும். ஆனால் ஒரே அடியை நூறு முறை பழக வேண்டுமாயின், எந்த நண்பர் நூறு முறை ஒரே இடத்தில் பந்தை இடுவார்? 1925, 1928 ஆகிய ஆண்டுகளில் விம்பிள்டன் பட்டம் வென்ற பிரெஞ்சு வீரர் ரெனே லாகோஸ்ட், தம் பயிற்சிக்காகவே டென்னிஸ் பந்தெறியும் கருவியை அமைத்தார்.

நம் காலனித் திடலை நோக்குங்கள். பையன்களுக்குத் தோழர்கள் பந்து வீசுகிறார்கள். பெண் குழந்தைகளோ ஓரத்தில் நின்று பந்து பொறுக்குகிறார்கள். இருட்டும் வேளையில் இரண்டு பந்து கிடைத்தால் பெரிது. இயந்திரமோ எதிரே நிற்பது ஆணா பெண்ணா என்று கேளாது. 2001 முதல் 2003 வரை இதே கரக்பூரில் டிக்கெட் பரிசோதகராயிருந்த மகேந்திர சிங் தோனி, 2011இல் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். அத்தகைய திறமை நம் பெண்களிடத்தும் இருக்கலாம், வாய்ப்பளித்தாலன்றோ தெரியும்?

மாணவர் செய்யும் கருவிகள் பல, மதிப்பெண் பெற்றதும் மூலையில் கிடந்து துருப்பிடிப்பதுண்டு. இதற்கு அக்கதி நேரலாகாது. சங்கம் இதனைப் பெற்றுத் திடலில் நிறுவுக. பராமரிப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக்குக. நாள்தோறும் மாலையில் முதல் ஒரு மணி நேரத்தைப் பெண் குழந்தைகளுக்கென ஒதுக்குக. தாய்மார்களே, நீங்களும் அவர்களைத் தடையின்றி அனுப்பிவைக்க வேண்டும்.

நான்கு இளைஞர்களுக்கும் நம் வாழ்த்துக்களைக் கூறி அமைகிறோம்.