நித்தியகல்யாணிக் கஷாயம் குடிக்கலாமா?



மூலிகைச் சாறுகளைச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். காலையிலிருந்து மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "புற்றுநோய்க்கு நித்தியகல்யாணிதான் மருந்தாமே, கஷாயம் வைத்துக் குடிக்கலாமா?"

மருந்து என்பது உண்மை. கஷாயம் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்குகிற இந்தச் செடிக்குச் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. ஜமைக்காவில் சர்க்கரை வியாதிக்கு இதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பார்கள். 1952-ல் அங்கிருந்து கொஞ்சம் இலை தபாலில் கனடாவுக்குப் போனது. ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வாய்வழியாகக் கொடுத்ததில் சர்க்கரை இறங்கவில்லை. ஊசியில் ஏற்றினார்கள், எலிகள் செத்துப்போயின. வேறொருவர் அத்தோடு விட்டிருப்பார். இவர் ஏன் செத்தது என்று பார்த்தார். ரத்தத்தில் வெள்ளையணு குறைந்துபோய், கிருமி தாக்கிச் செத்திருந்தன.

வெள்ளையணு கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? அதைக் குறைக்கிற பொருளை, சார்லஸ் பீர் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து பிரித்தெடுத்து 1958-ல் அறிவித்தார்கள். அதுதான் வின்பிளாஸ்டின். அமெரிக்காவில் எலி லில்லி கம்பெனியும் இதே செடியைத் தனியாகச் சோதித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து வந்த வின்கிரிஸ்டின் 1963-ல் அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அதைக் கொடுக்கிறார்கள்.

ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். ஒரு லாரி லோடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்களேன்! நம்ம கைப்பிடி இலையில் என்ன வரும்? அந்த மருந்தை நரம்பு வழியாக மட்டும்தான் ஏற்றுவார்கள், ரத்தம் சோதித்து, எடை பார்த்து. முதுகுத்தண்டில் தவறிப் போனால் உயிரே போகும். அந்த எலிகளைக் கொன்றதும் இதே செடிதான்.

"இந்த இலை புற்றுநோயை அழிக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது பெரும்பாலும் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லில் பார்த்தது. தட்டில் வினிகர் ஊற்றினாலும் செல் சாகும். அதற்குப் பிறகு விலங்கு, அதற்குப் பிறகு படிப்படியாக மனிதர்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான தாவரச் சாறுகளைச் சோதித்தது. மருந்தாகக் கரையேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

எங்கள் பக்கத்து ஊர்க் குழுவில் ஒரு அக்காவுக்கு மார்பில் கட்டி. இரண்டு கீமோ முடிந்ததும் முடி கொட்டுகிறது என்று பயந்து நிறுத்திவிட்டு, குழுவில் கடன் வாங்கி லேகியம் வாங்கினார். ஒன்பது மாசத்தில் கடனைக் கட்ட அவர் இல்லை. கடனைத் தள்ளிவிட்டோம், அது பெரிய விஷயமில்லை. ஆரம்பத்திலேயே பார்த்த கட்டி அது, அதுதான் மனசு ஆறவில்லை.

அதனால் வைத்தியச் செலவு என்று கடன் விண்ணப்பம் வந்தால், எங்கே, என்ன வைத்தியம் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கீமோவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, அதை முதலில் எடுத்துப் பாருங்கள். கஷாயம் குடிக்கிறவர்களைத் திட்டாதீர்கள். திட்டினால் டாக்டரிடம் மறைப்பார்கள், அது இன்னும் ஆபத்து.

சாப்பாட்டுக்குப் பிறகு நர்ஸம்மா பின்பக்க அறையில் இருப்பார். மார்பைச் சோதித்துப் பார்க்கிற முறையைச் சொல்லித்தருவார். ஒவ்வொருவராக வாங்க.