சக்கரம் எங்கே?

தோழர்களே! பெரம்பூரிலே ரயில் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2-ஆம் நாள் நேரு பண்டிதர் திறந்து வைத்தார். சுவிட்சர்லாந்து நாட்டார் நுட்பம் தந்தனர். வியர்வை தந்தவர்கள் நம்மவர்கள். அந்தக் கரங்கள்தாம் 2018-லே, இழுத்துச் செல்ல தனி எஞ்சின் வேண்டாத விரைவு ரயிலைப் பதினெட்டே திங்களில் படைத்தன. 'வந்தே பாரத்' என்று அதற்கு வடமொழிப் பெயர் சூட்டினர்; கிடக்கட்டும், பெயரா ஓடுகிறது!

2019-லே இரண்டு ரயில்கள் புறப்பட்டன. மூன்றாவது எப்போது? 2022-லே! பட்டறையிலே கை சோர்ந்ததா? இல்லை, தோழர்களே! 44 ரயில்களுக்கு மின்கருவி வாங்கக் கேட்ட டெண்டர் 2020 ஆகஸ்டில் ரத்தாயிற்று. போட்டியிட்டோரில் சீனப் பங்குள்ள கூட்டு நிறுவனமும் ஒன்று. மறுபடி டெண்டர் விட்டு, ஒப்பந்தம் முடிந்தது 2021 ஜனவரியில்.

மின்கருவிக்கு வழி பிறந்தது, சக்கரம்? கணக்குப் பாருங்கள். பெட்டி ஒன்றுக்கு நான்கு அச்சு, எட்டுச் சக்கரம். பதினாறு பெட்டிக்கு 128. காய்ச்சி அழுத்தி உருவாக்கும் சக்கரம் அது. பெங்களூர் எலகங்காவிலே வார்ப்பது வேறு ரகம். 36,000 சக்கரங்களை உக்ரைனிலே கேட்டிருந்தனர். 2022 பிப்ரவரி 24-இல் அங்கே போர் மூண்டது! முதல் 128 சக்கரங்களை லாரியில் ருமேனியாவுக்குக் கடத்தி, அங்கிருந்து விமானமேற்ற ஏற்பாடாயிற்று. ரயில் சக்கரத்துக்கு விமானப் பயணம்! அதன் பின் 39,000 சக்கரங்களுக்கு ஆர்டர் போனது எங்கே? சீனத்துக்கு!

நாடகம் போடுகிறவன் நான். ராஜா வேடக்காரர் வந்துவிட்டார், கிரீடம் மட்டும் வாடகைக் கடையிலே இருக்கிறது என்றால் திரையைத் தூக்க முடியுமா? எந்தப் பொருள் வரத் தாமதமாகுமோ, எந்தப் பொருளை ஒரே இடத்தில்தான் வாங்க முடியுமோ, அதையன்றோ முதலில் எழுதி, இரண்டாவது கடையையும் பார்த்து வைக்க வேண்டும்! டில்லியிலே விழா நாளை முதலில் குறித்தார்கள். 2021 ஆகஸ்டு 15-இல், 75 வாரத்தில் 75 ரயில் என்று செங்கோட்டையிலே முழங்கினார்கள். சக்கரம் எங்கிருந்து வரும் என்று கேட்டவர் யார்?

2023-லே, ஆண்டுக்கு 80,000 சக்கரம் வீதம் இருபதாண்டுக்கு இங்கேயே செய்து தர இரு இந்திய நிறுவனங்களின் கூட்டு முன்வந்தது. ஆலைக்குத் தேர்ந்த இடம் நம் கும்மிடிப்பூண்டி! பெட்டி பிறந்து அறுபத்தெட்டு ஆண்டு கழித்து வந்த முடிவு, இருந்தும் வரவேற்கிறேன். அந்த ஆலையின் ஆள் எடுப்புப் பட்டியலிலே எண்ணூர், திருவொற்றியூர், பெரம்பூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்? கிளைக் கழகத் தோழர்கள் இதைக் கேட்டுத் தெரிந்து எழுதுங்கள்.