மாதத் தவணையை மட்டும் பார்க்காதீர்கள்

சுங்கை சிப்புட் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு ஈப்போவில் வேலைக்குப் போய்வர கார் அவசியம். கடையில் முதல் கேள்வியே, "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பதுதான். அங்கேதான் கவனம் வேண்டும்.

50,000 வெள்ளிக் கடன், 3.5 விழுக்காடு நிலை வட்டி என்றால், ஒன்பது ஆண்டுக்கு மாதம் ஏறக்குறைய 609 வெள்ளி. வட்டி மட்டும் 15,750. ஐந்து ஆண்டுக்கு மாதம் 979; வட்டி 8,750. வித்தியாசம் 7,000 வெள்ளி!

முதலில் காரின் விலையைப் பேசி முடியுங்கள். பிறகு இரண்டு மூன்று வங்கிகளில் வட்டியை விசாரியுங்கள். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி பத்து விழுக்காடு முன்பணம் கட்டாயம். "முன்பணமே வேண்டாம்" என்றால், அந்தத் தொகை எங்கே ஏற்றப்படுகிறது என்று கேளுங்கள். நிரப்பாத பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாதம் 979 கட்ட முடியவில்லையா? ஆண்டைக் கூட்டாதீர்கள், விலை குறைந்த காரைப் பாருங்கள்.