கால்வாயைக் குற்றம் சொல்லும் முன்

இன்று கல்விமாணிப் பட்டம் பெறும் இளம் ஆசிரியர்களே,

கொழும்பில் காலி வீதியால் வரும்போது கவனித்தேன். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மதிலுக்கு மதில் டியூஷன் விளம்பரம். கடந்தகால வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்து, புள்ளித்திட்டம் பார்த்து விடை எழுதிப் பழகியவர்கள்தான் நாங்கள் எல்லோரும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எந்தக் கேள்விக்கும் விடை எங்கோ ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று அந்தப் பழக்கம் எங்களை நம்ப வைத்துவிடுகிறது.

அந்த நம்பிக்கையை உடைக்க வகுப்பில் ஒரு கேள்வி போதும். 2017-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஒரே வருடத்தில் இலங்கையில் 186,000-க்கு மேற்பட்டோருக்கு டெங்கு. தரம் 8 வகுப்பில் கேளுங்கள்: "ஒரு தொடர்மாடியில் மூன்று வீடுகளில் டெங்குக் காய்ச்சல். நுளம்பு எங்கிருந்து வந்தது?" பிள்ளைகள் யோசிக்காமலே "கால்வாய்" என்பார்கள். வெள்ளவத்தைக் கால்வாயின் நாற்றம் அப்படி. சரி என்றோ பிழை என்றோ சொல்லிவிடாதீர்கள். "எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள்.

அங்கேதான் படிப்புத் தொடங்கும். டெங்கு நுளம்பு தெளிந்து தேங்கிய நீரைத் தேடி முட்டையிடும், பகலில் கடிக்கும் என்று பிள்ளைகள் தேடிப் படிப்பார்கள். கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாம் சந்தேகத்துக்குள் வரும். கொட்டாஞ்சேனைப் பிள்ளை தன் வீட்டு முற்றத்து வாளியை எட்டிப் பார்ப்பான். ஊரை நோக்கி நீட்டிய விரல் வீட்டுப் பக்கம் திரும்பும். முதலில் தோன்றிய விடையைத் தானே சந்தேகிக்கும் அந்தக் கணம்தான் விமர்சனச் சிந்தனை.

எங்கள் உறவினர் பலர் குடியேறிய கனடாவின் ஒன்ராறியோவில், மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-இல் மருத்துவ மாணவர்களுக்கு இப்படித்தான் கற்பிக்கத் தொடங்கியது. சிறு சிறு குழுக்கள்; நடுவில் ஒரு நோயாளியின் பிரச்சினை; அதைத் தீர்க்கத் தேவையானதைத் தேடிப் படிப்பது மாணவர் பொறுப்பு.

ஒன்றை மறக்க வேண்டாம். வெறுந்தலையில் சிந்தனை முளைக்காது. நுளம்பைப் பற்றி எதுவுமே தெரியாத பிள்ளையிடம் "நீயே கண்டுபிடி" என்பது கற்பித்தல் அல்ல, கைகழுவல். எந்த நேரத்தில் தகவல் கொடுப்பது, எந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்வது என்பதில்தான் ஆசிரியரின் கைப்பக்குவம் இருக்கிறது.

ஒருநாள் ஒரு பிள்ளை எழுந்து, "சேர், அது எப்படித் தெரியும்?" என்று உங்களையே கேட்கும். கோபம் வரும். அதை அடக்கிக்கொண்டு, "வா, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். இன்று பெற்ற பட்டத்துக்கான பரீட்சை அன்றுதான்.