கஞ்சாவுக்கு அனுமதியா? நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை
(தோட்ட மாதர், இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



"கஞ்சாவை அரசாங்கமே வளர்க்கப் போகுதாம். இனிமே பொலிஸ் பிடிக்காதாம்." இந்தப் பேச்சு இப்போது கொழுந்து மலையிலும் கடைவாசலிலும் அடிபடுகிறது. இதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியை நம்பினால் வீடு கெட்டுப்போகும்.

உண்மை என்ன? ஏற்றுமதிக்காகக் கஞ்சா வளர்ப்பதை ஆராயும் யோசனை 2023ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் வந்தது. 2025இல் மீரிகமவில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பயிரிட அனுமதி என்று செய்தி வந்தது. அதுவும் ஏற்றுமதிக்கு மட்டும்தான். ஆயுர்வேத மருந்துக்கும் அனுமதியோடு பயன்படுத்துகிறார்கள். ஆனால் நாமாக வளர்ப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாம் 1929ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்றும் குற்றமே.

ஆகவே யாராவது வந்து, "லயத்துக்குப் பின்னால மரக்கறிப் பாத்தியில நாலு செடி போடுங்க, நான் வாங்கிக்கிறேன்" என்றால் நம்பாதீர்கள். வழக்கு பாத்திக்காரர் மேல்தான் விழும். கோர்ட்டுக்கு அலையும் ஒவ்வொரு நாளும் வீட்டில் ஒரு பேர் குறையும். கம்மலும் அடகுக்கடைக்குப் போகும்.

அனுமதி கொடுக்கலாம் என்பவர்களின் பேச்சிலும் நியாயம் உண்டு. புகைத்தவனைச் சிறையில் போட்டதால் பழக்கம் நின்றதா என்று கேட்கிறார்கள். கஞ்சாவிலிருந்து எடுக்கும் ஒரு மருந்து, சில பிள்ளைகளின் கடுமையான வலிப்பு நோய்க்கு உதவுகிறது. கனடா 2018இல் வளர்ந்தவர்களுக்கு அனுமதித்தது. தாய்லாந்து 2022இல் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. பிள்ளைகளிடம் பரவுகிறது என்ற கவலை எழுந்து, 2025இல் வைத்தியர் சீட்டு வேண்டும் என்று திரும்பவும் இறுக்கியது.

சட்டம் எப்படி மாறினாலும் உடம்பு மாறாது. மூளை வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயதாகும். அதற்கு முன்னே தொடங்கினால் ஞாபகமும் கவனமும் குறையும், படிப்பு போகும். சிலருக்கு மனநோயே வரும். குடும்பத்தில் முன்பே மனநோய் இருந்தால் ஆபத்து கூட. பெரியவர்களில் பத்துப் பேரில் ஒருவர் அடிமையாகிறார் என்றால், இளவயதில் தொடங்குபவர்களில் ஆறு பேரில் ஒருவர் அடிமையாகிறார். கடையில் கிடைக்கும் மதன மோதகமும் மிட்டாய் அல்ல. அதிலும் கஞ்சா சேர்கிறது. பிள்ளையின் பையைப் பாருங்கள்.

தாய்மார்களே, தவறணைக்கு லைசன் இருக்கிறது. சாராயம் சட்டப்படிதான் விற்கிறது. சம்பள நாளில் நம் லயங்களில் நடப்பதை நான் சொல்லவா வேண்டும்? சட்டம் விட்டதெல்லாம் நல்லதாகிவிடாது. அதேபோல, சட்டம் தடுத்ததைத் தொட்டுவிட்ட பிள்ளை கெட்ட பிள்ளையும் ஆகிவிடாது.

மகன் பழகிவிட்டான் என்று தெரிந்தால் அடிக்காதீர்கள், ஊர் கூட்டாதீர்கள். அடிபட்ட பிள்ளை வீட்டை விட்டு விலகி, விற்கிறவனிடம்தான் போவான். பக்கத்தில் உட்காரவைத்து, யாரோடு போகிறான், எதற்காகப் போகிறான் என்று கேளுங்கள். தோட்ட வைத்திய உதவியாளரிடமோ அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கும் பேசலாம்.

தம்பிமாரே, இந்த விவாதம் கொழும்பில் இன்னும் பல வருடம் நடக்கும். அது முடியும்வரை உங்கள் வயது காத்திருக்காது.