திரையில் ஒரு பிரசவம்



'ஈ.ஆர்.' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகம் 1994 முதல் 2009 வரை ஒளிபரப்பாயிற்று. சிக்காகோ வைத்தியசாலையொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவே அதன் களம். அதனையும் வேறிரு நிகழ்ச்சிகளையும் ஆராய்ந்த மருத்துவர்கள், இதயம் நின்றோரில் நூற்றுக்கு 75 பேர் திரையில் உயிர்மீண்டதாக 1996இல் எழுதினர். மெய்யான வைத்தியசாலைகளில் அத்தனை பேர் மீள்வதில்லை. ஆனால், நாம் மதிப்பது உயிர் மீளாத ஒரு கதையையே.

1995இல் வந்தது அது. நிறைமாதக் கர்ப்பிணியொருத்தி சிறுநீர் உபாதையோடு வருகிறாள். டாக்டர் மார்க் கிரீன் சாதாரண கிருமித் தொற்றெனக் கருதி அனுப்பிவிடுகிறார். சற்று நேரத்தில் வலிப்போடு கொண்டுவரப்படுகிறாள். பிரசவத்தில் சிசுவின் தோள் சிக்குகிறது. வயிற்றைக் கீறிச் சத்திரசிகிச்சை செய்கின்றனர். நஞ்சுக்கொடி முன்னரே பிரிந்தமையால் குருதி பெருகுகிறது. பிள்ளை பிழைக்கிறது, தாய் இறக்கிறாள்.

சத்திரசிகிச்சைக் காட்சியில் மெய்சிலிர்த்தோர் பலர். நமக்கோ முதற் காட்சியே பெரிது. கர்ப்பகாலத்தில் குருதியமுக்கம் ஏறி, சிறுநீரிற் புரதம் கழிவதே இந்நோயின் வழக்கமான அடையாளம். நம்மூர்க் கிளினிக்கில் மருத்துவமாது கையிலே பட்டி சுற்றுவதும், சிறுநீர் கேட்பதும் இதற்காகவே. வீட்டிலுள்ள கர்ப்பிணிக்குக் கடுந் தலையிடி, கண்மங்கல், மேல்வயிற்று நோ கண்டால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். மறுநாள் கிளினிக் வரை பொறுக்க வேண்டாம். நேரத்துடன் கண்டால் மருந்தும் உண்டு: 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், மலிவான மக்னீசியம் சல்பேற்று வலிப்பின் அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது.